பார்க்கிங்ல போட்டா போதும்

முதல்ல கட்டை. ஜாக்கியத் தொடுறதுக்கு முன்னாடி, ஸ்பேனரத் தொடுறதுக்கு முன்னாடி, முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை. இருபத்திரண்டு வருஷமா இந்தக் கை இதைத் தானாப் பண்ணுது, மூளையக் கேக்கிறதே இல்ல. சவுக்குல ஆப்பு மாதிரி வெட்டினது, நாலு கட்டை, குதிகாலால ஒரு உதை விட்டா டக்குனு உக்காந்துக்கும். சமதரையில நிக்கிற வண்டிக்கு எதுக்குண்ணே கட்டைன்னு எவனாவது கேட்டா எனக்கு வாயில நல்லா வரும். போட்டாச்சு. மணி ஒம்பது. ரெஜினாக்கா ஒரு மணி பஸ்ல வருவா. அதுக்குள்ள இந்த வண்டியோட கியர்பாக்ஸை இறக்கி, திறந்து, உள்ள என்ன இருக்குன்னு பார்த்து, அவகிட்ட ஒரு பதில் சொல்லணும். முப்பதாம் நாள் ஜெபம் முடிஞ்சு, எல்லாரும் காபி குடிச்சிட்டுக் கிளம்பினப்புறம் என்னைச் சமையக்கட்டுக்குக் கூப்பிட்டா. அழல. டம்ளரெல்லாம் கழுவிக்கிட்டே பேசினா. “வில்சா, அந்த வண்டிய வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். நீயே கழட்டு. நீயே பாரு. அவரா, நீயா, வண்டியா? மூணுல எதுன்னு என்கிட்டச் சொல்லு. நீ சொன்னா நம்புறேன்.” அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் அவ சொல்லாம இருந்திருக்கலாம். அவ நம்பாம இருந்திருந்தா எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்ல.

பேட்டரியில மைனஸ் முதல்ல. கழட்டி, பனியன் வேஸ்ட்டைச் சுத்தி ஒதுக்கி வச்சாச்சு. அவரா, நீயா, வண்டியா. பல்லு தேய்க்கிறப்பவும் இதேதான் ஓடுது. அவருன்னா, என் அக்கா புருஷன் அருள்தாஸ் மச்சான், லிவர நியூட்ரல்ல விட்டுட்டு இறங்கிட்டாரு, வண்டி தானா உருண்டு வந்து அவரையே தடுப்புச் சுவத்தோட வச்சு நசுக்கிருச்சு. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துட்டு எழுதிக் குடுத்தது இதைத்தான். வண்டியில கோளாறு இல்ல, ஓட்டுநர் கவனக்குறைவு. டாக்ஸி ஸ்டாண்டுல பேசுறது இன்னும் கேவலம், மத்தியானமே போட்டிருப்பாருங்கிறானுக. கிறிஸ்மஸுக்கு ஒரு வாய் ஒயின் குடிக்கவே வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி மூஞ்சி சுளிக்கிற மனுஷன். நாக்கு அழுகிப் போயிரும்டா உங்களுக்கு. வண்டின்னா, கியர்பாக்ஸ் உள்ள பார்க்கிங் லாக் உடைஞ்சிருக்கணும். நான்னா, எட்டு மாசம் முன்னாடி ஆயில் ஒழுகுதுன்னு இதே கியர்பாக்ஸை இறக்கி ஏத்தினது நான், லிவர்ல இருந்து கியர்பாக்ஸுக்குப் போற கேபிளை மாட்டி அளவு வச்சது நான். அந்த கேபிள் ஒரு நூல் தள்ளியிருந்தா மேல லிவர் பார்க்கிங்னு காட்டும், கீழ கியர்பாக்ஸுல லாக் விழுந்திருக்காது. லிவர் அன்னைக்கு எங்க இருந்துச்சுன்னு எவனுக்கும் தெரியாது. பக்கத்துக் கடை டிங்கர் ஃபாரூக் பாய்தான் முதல்ல ஓடினவரு, வண்டியப் பின்னாடி தள்ளணும்னு கைய விட்டு லிவர இழுத்து நியூட்ரல்ல போட்டவரு. எத்தனை தடவை கேட்டுட்டேன், அவரும் எத்தனை தடவை சத்தியம் பண்ணிட்டாரு. “எங்கிருந்து இழுத்தேன்னு ஞாபகமே இல்ல வில்சன். மனுஷன் கத்திக்கிட்டு இருக்காரு, நான் லிவரையா பார்ப்பேன்?” நியாயம்தானே. நான் மட்டும் என்னத்தப் பார்த்தேன்.

இப்ப வண்டிக்குள்ள. தரையில விரிச்ச ரப்பர் மேட்டைத் தூக்கினாத்தான் லிவர் அடியில இருக்கிற நாலு போல்ட் தெரியும். கதவத் திறந்தா மச்சான் வாசனை, யூகலிப்டஸ் தைலமும் வெத்தலையும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உள்ள ஏறினேன், எவ்வளவு நேரம் பிடிக்க முடியும். டிரைவர் சீட்டைப் பின்னாடி தள்ளினா தள்ள வரல, ஏதோ முட்டுது. கைய விட்டா கல்லு. அவரோட கல்லு. அட கடவுளே, இதை இன்னுமா வச்சிருந்தாரு. ரோட்டோரத்துல உடைஞ்ச கருங்கல்லு, முக்கோணமா, ஒரு பக்கம் தேஞ்சு வழவழன்னு. அதுல ஒரு கயிறு. பழைய ஜீப்பு காலத்துல இருந்தே அவர்கிட்ட இருக்கு. எங்க குன்னூர்ப் பக்கம் மழைக்காலத்துல ஹேண்ட்பிரேக்கை இழுத்து விட்டா பிரேக் ஷூ ஈரத்துல ஒட்டிக்கும், அப்புறம் வண்டி நகராது, அதனால வண்டிய நிறுத்தினா கியர்ல போடு, இறங்கி சக்கரத்துக்குக் கல்லு வை, அதுதான் இங்க எல்லாருக்கும் பழக்கம். மத்தவன் போற இடத்துல கெடைக்கிற கல்ல வைப்பான். இவரு சொந்தமாக் கல்லு வளர்த்தாரு. குனிஞ்சா முழங்கால் வலிக்கும்னு கயிறு கட்டி, கயிறைப் பிடிச்சுத் தொங்க விட்டு சக்கரத்துக்கு அடியில இறக்குவாரு, கிளம்புறப்ப கயிறைப் பிடிச்சு இழுத்துக்குவாரு. அந்த இடது முழங்காலுக்காகத்தான் நானே தேடி அலைஞ்சு இந்த ஆட்டோமேட்டிக் வண்டிய வாங்கிக் குடுத்தேன், கிளச் மிதிக்க வேண்டாம் மச்சான்னு. முத நாள் ஸ்டாண்டுக்குக் கொண்டு போயி நிறுத்தினோம். பத்துப் பதினஞ்சு டிரைவருங்க சுத்தி நிக்கிறானுக, புது வண்டியப் பார்க்க. இவரு இறங்கினாரு, பொறுமையா கயிறப் பிடிச்சுக் கல்ல எடுத்தாரு. எனக்கு மானமே போச்சு. “மச்சான், என்னாது இது, நாய்க்குட்டியக் கூட்டிட்டு வாக்கிங் வர்ற மாதிரி? இது ஆட்டோமேட்டிக். பார்க்கிங்ல போட்டா போதும், யானை வந்து தள்ளினாலும் நகராது. கல்லத் தூக்கிக் கெடாசுங்க, வண்டிக்கே அசிங்கம்.” ஸ்டாண்டே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. “சரி மாப்ள, நீ சொன்னா சரிதான்”ன்னு கல்ல சீட்டுக்கு அடியில வச்சாரு. அதுக்கப்புறம் அந்தக் கல்ல நான் பார்க்கல. கயிறு புதுசா இருக்கு, நீலக்கலர் நைலான் கயிறு, முன்ன இருந்தது சணல். சரி விடு, கயிறு என்ன கலரா இருந்தா என்ன. கல்லத் தூக்கி பெஞ்சு மேல வச்சேன். நாலு போல்ட்டு. பன்னெண்டாம் நம்பர். ஒண்ணும் இளகல.

பின்பக்கம் தூக்கி ஸ்டாண்டு வச்சாச்சு, முன்பக்கமும் தூக்கியாச்சு, வண்டி இப்ப நாலு காலும் தரையில படாம நிக்குது. கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை இருக்கு, லாக் பிடிக்குதான்னு. லிவர பார்க்கிங்ல போட்டுட்டு அடியில படுத்து, வலது பின் சக்கரத்தக் கையால சுத்தணும். நடுவுல கியர்பாக்ஸுல இருந்து பின்னால போற நீள ஷாஃப்ட் அசையக்கூடாது. அது அசையலன்னா லாக் பிடிச்சிருக்கு. சுத்தினேன். ஷாஃப்ட் கல்லு மாதிரி நிக்குது. வலது சக்கரம் முன்னால சுத்துது, இடது சக்கரம் பின்னால சுத்துது, அது அப்படித்தான் சுத்தும், ஷாஃப்ட் பூட்டியிருந்தா ஒண்ணு அந்தப் பக்கம் போனா இன்னொண்ணு இந்தப் பக்கம் வரணும். சைக்கிள் ஓட்டத் தெரிஞ்ச மாதிரி எனக்கு இது தெரியும். ஆயிரம் வண்டியில பார்த்திருப்பேன். திரும்பச் சுத்தினேன். இது முன்னால, அது பின்னால. மெத்துமெத்துன்னு, சத்தமே இல்லாம. எதுக்கு இவ்வளவு நேரம் சுத்திக்கிட்டு இருக்கேன், லாக் பிடிக்குது, அவ்வளவுதானே, எழுதி வச்சுட்டு அடுத்த வேலையப் பார்க்க வேண்டியதுதானே. ஆனா இப்ப பிடிக்குதுங்கிறதால அன்னைக்குப் பிடிச்சுதுன்னு ஆயிருமா. லாக்கோட இரும்பு நாக்கு பாதி உடைஞ்சு, பாதிதான் பல் சக்கரத்துல மாட்டியிருக்கும், கையால சுத்துறதுக்குத் தாங்கும், ஒன்றரை டன்னைத் தாங்காது. ஆமா, அப்படி இருக்கும். அப்படித்தான் இருக்கணும். உள்ள உடைஞ்சிருக்கணும் ஆண்டவரே, உடைஞ்சு துண்டு துண்டா கிடக்கணும். சக்கரத்த விட்டுட்டேன், ரெண்டும் இன்னும் அரைச் சுத்து சுத்திட்டு நின்னுச்சு.

ஆயிலை இறக்கினேன். நல்லா இருந்தா சிவப்பா, நன்னாரி சர்பத் மாதிரி ஓடும். கெட்டுப் போனா கருகின வாடை அடிக்கும், இரும்புத்தூள் மினுங்கும். சட்டியில ஊத்தி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். சிவப்புதான். மோந்து பார்த்தேன், விரல்ல எடுத்துத் தேச்சுப் பார்த்தேன், ஒரு துணுக்கு கெடையாது. அடித்தட்டுல இருக்கிற காந்தத்துல வழக்கமா ஒட்டுற சாம்பல் சேறு, அது எல்லா வண்டியிலயும் இருக்கும். எனக்குக் கோபம் வருது, இவ்வளவு நல்ல ஆயிலைப் பார்த்து எவனாவது கோபப்படுவானா. சரி, கேபிள். இதைப் பார்க்கத்தான் ராத்திரி பூரா தூக்கம் இல்ல. எங்க கடையில ஒரு வழக்கம், எந்த போல்ட்டை முறுக்கி முடிச்சாலும் அதுமேல நெயில் பாலிஷ் ஒரு கோடு இழுத்து விடுவேன், போல்ட்லயும் சட்டத்துலயும் சேர்ந்தாப்ல. கோடு விலகியிருந்தா போல்ட் லூஸாயிருச்சுன்னு அர்த்தம், கோடே இல்லைன்னா நான் முறுக்கவே இல்லைன்னு அர்த்தம். அந்த பாட்டிலக்கூட மச்சான்தான் கொண்டு வந்தாரு, “உங்க அக்கா டப்பாவுல இருந்து சுட்டுட்டு வந்தேன் மாப்ள, காட்டிக் குடுத்துராதே”ன்னு. ரத்தச் சிவப்பு, ஜிகினா வேற. எட்டு மாசம் முன்னாடி அந்த சாயங்காலம் எனக்கு அவசரம், மக ஸ்கூல்ல நாடகம், ஆறு மணிக்குள்ள போகணும், மச்சான் வேற பக்கத்துல நின்னு “போதும் மாப்ள, புள்ள காத்துக்கிட்டு இருக்கும், நாளைக்கு வந்து பாத்துக்கலாம்”ங்கிறாரு. முறுக்கினேனா? கோடு இழுத்தேனா? இல்ல, கோட்டை இழுத்துட்டு அப்புறம் முறுக்கிக்கலாம்னு விட்டேனா? படுத்துக்கிட்டு, சேறைத் துடைச்சு, டார்ச்சை வாயில கவ்விக்கிட்டுப் பார்த்தேன். கோடு இருக்கு. நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. மேல லிவர் பார்க்கிங், கீழ கியர்பாக்ஸுல கேபிள் மாட்டுற கையில இருக்கிற புள்ளி பார்க்கிங் புள்ளியோட ஒண்ணா உக்காந்திருக்கு. ஸ்பேனர வச்சுப் பார்த்தேன், அசையல. ஜிகினா கொஞ்சம் மினுங்குச்சு. அப்படியே படுத்துக்கிட்டு வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்துலயான்னு கேட்டா எனக்கே தெரியல. நான் இல்ல. நான் இல்லக்கா. மூணுல ஒண்ணு போச்சு.

இனி ரெண்டு. ஷாஃப்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி அது எந்தப் பக்கம் எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்ப மாட்டுறதுக்கு ஒரு கோடு. எப்பத் திரும்ப மாட்டப் போறேன், இந்த வண்டிய யாரு ஓட்டப் போறா, இருந்தாலும் கை கோடு போடுது. ஷாஃப்ட் வந்துருச்சு. குறுக்குச் சட்டம், அதுமேல இருக்கிற ரப்பர் மவுண்டிங், விரல்ல அழுத்திப் பார்த்தேன், வெடிப்பு இல்ல. ஆயில் குழாய் ரெண்டு, வாய்க்கு பிளக். இந்த இடத்துல ஃபாரூக் பாய் வந்து எட்டிப் பார்த்தாரு, கையில ரெண்டு டீ. அவரு பொண்டாட்டி ஊருக்குப் போயிருந்தா எனக்கும் சேர்த்து அவருதான் சமைப்பாரு, அப்படி ஒரு சிநேகம். “என்னப்பா, ஏதாச்சும் தெரிஞ்சுதா?” “கேபிள் சரியா இருக்கு பாய்.” “அல்ஹம்துலில்லாஹ்”ன்னாரு, டீ கொஞ்சம் சிந்திருச்சு. “அக்காகிட்ட போன் போட்டுச் சொல்லிரு வில்சன். நீ இல்லைன்னு சொல்லிரு, அது முதல்ல சாப்பிடட்டும்.” “அப்ப மச்சான்னு ஆயிரும் பாய்.” அவரு டீயக் கீழ வச்சாரு. “லாக் உடைஞ்சிருந்தா பழி வண்டி மேல போயிரும்”ன்னேன். “உடைஞ்சிருக்குமா?” “உடைஞ்சிருக்கும்.” ஒரு மெக்கானிக்கு இப்படி ஒரு ஆசை வரக்கூடாது, வண்டி உடைஞ்சிருக்கணும்னு. “நீ தள்ளு, அந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கிறேன், ஒத்தையில இறக்காதே”ன்னு பாய் கைலிய மடிச்சுக் கட்டினாரு. கீழ உக்கார்றப்ப அவரு கை தானா முன் சக்கரத்துக் கட்டைய எடுத்து ஓரமா வச்சுது, வண்டிதான் தூக்கி நிக்குதே, கால்ல இடறுதுன்னு. “பாய், கட்டையத் தொடாதீங்க!” கத்திட்டேன். ஏன் அப்படிக் கத்தினேன். காத்துல தொங்குற சக்கரத்துக்குக் கீழ கிடக்கிற கட்டை. அவரு ஒரு மாதிரியாப் பார்த்துட்டுத் திரும்ப அங்கேயே வச்சாரு.

இன்ஜினோட கியர்பாக்ஸைச் சேர்க்கிற இடத்துல கன்வெர்ட்டர், பெரிய பூசணிக்கா மாதிரி. அதுக்கு ஆறு போல்ட்டு, சின்ன ஓட்டை வழியா ஒவ்வொண்ணா இன்ஜினைச் சுத்திச் சுத்திக் கழட்டணும். தகட்டுல வெடிப்பு இருக்கான்னு பார்க்கணும், இன்ஜின் பின் சீல்ல கசிவு இருக்கான்னு பார்க்கணும். இல்ல, இல்ல, எதுலயும் எதுவும் இல்ல. எட்டு மாசம் முன்னாடி நான் போட்ட சீல் காஞ்சு கிடக்கு, புதுசு மாதிரி. அன்னைக்கும் இப்படித்தான் படுத்திருந்தேன், வேற ஒரு வண்டிக்கு அடியில, இதே இடத்துல. மத்தியானம் மூணு மணி, மழை விட்டு தூறல். மேல சரிவுல வண்டி வந்து நிக்கிற சத்தம், கதவு சத்தம். எனக்கு அவரு செருப்பு சத்தம் தெரியும், ஒரு கால் அழுத்தமா, ஒரு கால் லேசா. “மாப்ள! பேக்கரியில இப்பத்தான் அடுப்புல இருந்து எடுத்தான், வர்க்கி, கை சுடுது, வா!” எனக்கு ஒரு போல்ட்டு மாட்டிக்கிட்டு இருந்துச்சு. “இருங்க மச்சான், ரெண்டே நிமிஷம்.” “சரி சரி, நிக்கிறேன்.” அவரு உள்ள வந்திருக்கலாம். கடைக்குள்ள ஆயில் கிடக்கும், முழங்காலுக்கு வழுக்கும்னு வெளியவே நின்னாரு, வண்டிக்கும் தடுப்புச் சுவத்துக்கும் நடுவுல, சுவரு தூறலுக்கு மறைப்பா இருக்கும்னு. பானட் மேல வர்க்கிப் பொட்டலத்த வச்சிருந்தாரு. இருங்கன்னு சொன்னேன். இருந்தாரு. ரெண்டு நிமிஷம்கூட இல்ல, போல்ட்டு அப்பத்தான் இளகுச்சு, நான் அந்த போல்ட்டு இளகினதுக்கு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன். பாய் கத்தினதுக்கப்புறம்தான் வெளிய வந்தேன். வர்க்கி சிதறிக் கிடந்துச்சு. அதை ஏன் பொறுக்க ஆரம்பிச்சேன்னு தெரியல, மனுஷன் சுவத்துல கிடக்காரு, நான் வர்க்கியப் பொறுக்குறேன், பாய்தான் முதுகுல ஒரு அறை விட்டாரு.

“வில்சன், ஜாக்கிய இன்னும் கொஞ்சம்.” ஆமா. மேல் போல்ட் ரெண்டு வந்துருச்சு. கன்வெர்ட்டர் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கிட்டு நின்னுரக்கூடாது, கியர்பாக்ஸோடயே சேர்ந்து வரணும், கைய வச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டு பின்னால இழுத்தோம். இறக்கியாச்சு. பெஞ்சுக்கு ஏத்தியாச்சு. பாய் முதுகைப் பிடிச்சுக்கிட்டு அவரு கடைக்குப் போயிட்டாரு, பார்க்க மனசு வரலன்னு. மணி பன்னெண்டே கால். வால் பக்கத்து மூடியக் கழட்டினா உள்ள லாக். ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ஒரு பல் சக்கரம், அந்தப் பல்லு இடுக்குல வந்து விழுற விரல் அளவு இரும்பு நாக்கு. அந்த நாக்கை நம்பித்தான் மலை மேல வண்டிய நிறுத்துறோம். ஆறு போல்ட்டு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜெபம் சொன்னேன், வெக்கமா இருக்கு சொல்ல. உடைஞ்சிரு, உடைஞ்சிரு. மூடிய எடுத்தேன். நாக்கு முழுசா இருக்கு. முனை மழுங்கல, சில்லு பேரல, ஸ்பிரிங் சுண்டினா டிங்குனு வருது. பல்லு ஒவ்வொண்ணையும் நகத்தால தடவினேன். கம்பெனியில இருந்து வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கு. வண்டி இல்ல. மூணுல ரெண்டு போச்சு. அப்ப மச்சானா? மச்சானா நியூட்ரல்ல விட்டாரு? வீட்டுக் கதவப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷனா?

அப்பத்தான் அந்தப் பாசி ஞாபகம் வந்துச்சு. ஞாபகம் வந்துச்சுன்னு சொல்றது பொய், ஒரு மாசமாக் கண்ணுக்குள்ளயே கிடந்துச்சு, பார்க்காத மாதிரி தாண்டித் தாண்டிப் போய்க்கிட்டு இருந்தேன். சரிவுல ஓடை ஓரமா இடது பக்கம் பூரா பச்சைப் பாசி. அன்னைக்கு ஆம்புலன்ஸ் போனப்புறம் நான் அங்கதான் உக்காந்திருந்தேன். வலது பக்கம் சேத்துல டயர்த் தடம் பூ பூவா, அச்சு மாதிரி. இடது பக்கம் தடமே இல்ல. பாசி சீவி எடுத்த மாதிரி நீளமா உரிஞ்சு கிடந்துச்சு. நியூட்ரல்ல உருண்டிருந்தா ரெண்டு பக்கமும் அச்சு விழுந்திருக்கும். ஒரு பக்கம் உருண்டிருக்கு, இன்னொரு பக்கம் சக்கரம் பின்னால சுத்தி வழுக்கிக்கிட்டே வந்திருக்கு. இது முன்னால, அது பின்னால. காலைல என் கையாலயே சுத்திப் பார்த்தேனே. அவரு பார்க்கிங்லதான் போட்டிருக்காரு. லாக்கும் பிடிச்சிருக்கு. ஷாஃப்டும் அசையாம நின்னிருக்கு. எல்லாமே சரியா வேலை செஞ்சிருக்கு, எல்லாம் சரியா வேலை செஞ்சுக்கிட்டே வண்டி இறங்கி வந்து அவரைக் கொன்னுருச்சு. ஒரு பின் சக்கரம் பிடிமானம் இல்லாத இடத்துல நின்னா பார்க்கிங் லாக் மயிருக்கும் உதவாது, இது எனக்குத் தெரியாதா? இது தெரிஞ்சதுனாலதானே இருபத்திரண்டு வருஷமா ஜாக்கி போடுறதுக்கு முன்னாடி சமதரையில கட்டை போடுறேன். என் வண்டிக்கு, என் தலைக்கு, கட்டை. மலைச் சரிவுல நிறுத்துற மனுஷன்கிட்ட கல்லத் தூக்கிக் கெடாசுன்னேன், பத்துப் பேரு சிரிக்கணும்னு. கை தப்புப் பண்ணல. வாய். வாய்க்கொழுப்பு. ரெண்டு கிலோ கல்லு தாங்கியிருக்கும் அதை. பெஞ்சு மேல பக்கத்துலயே பட்டை அரம் கிடந்துச்சு. கையில எடுத்துட்டேன். நாக்கோட முனையில நாலு இழுப்பு இழுத்தாப் போதும். தேஞ்சு போச்சுக்கா, வண்டியில கோளாறு, மச்சான் தப்பு இல்ல, என் தப்பும் இல்லன்னு சொல்லலாம். நம்புவா. அவளுக்கு நாக்கைப் பத்தி என்ன தெரியும். மச்சான் பேரும் கெடாது. யாருக்கு நஷ்டம் இதுல? அரத்த முனையில வச்சேன். வச்சுக்கிட்டே நின்னேன். ஒரு இழுப்பு இழுக்கல, ஆனா இழுக்க மாட்டேன்னும் எனக்கு நிச்சயமா சொல்லத் தெரியல.

“வில்சா.” அக்கா. பஸ் இன்னைக்குன்னு சீக்கிரம் வந்திருக்கு. வெள்ளைச் சேலையில ஆள் பாதியாயிட்டா. அந்தச் சுவத்துப் பக்கம் பார்க்காம தலையக் குனிஞ்சுக்கிட்டே சரிவுல இறங்கி வந்திருக்கா. ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உக்காந்தா. அரம் இன்னும் என் கையிலயே இருக்கு. “சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லு. அவரா, நீயா, வண்டியா?” அரத்தக் கீழ வச்சேன். “வண்டி இல்லக்கா. உள்ள எல்லாம் நல்லா இருக்கு.” “அப்ப நீயா?” “கேபிள்ல தப்பு இல்ல.” அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. “அப்ப அவருதானா? மறந்துட்டாரா? எல்லாரும் சொல்றது நெசந்தானா?” “இல்லக்கா. அவரு பார்க்கிங்லதான் போட்டாரு. சத்தியமா. தடம் பார்த்தேன். அவரு மேல ஒரு நூல் தப்பு இல்ல. பாசியில ஒரு சக்கரம் வழுக்கிருச்சு. வழுக்கினா லாக் நிக்காது. ஒரு கல்லு வச்சிருந்தா நின்னிருக்கும். கல்லு வேணாம்னு சொன்னது நான்தான்க்கா. ஸ்டாண்டுல வச்சு. பார்க்கிங்ல போட்டா போதும்னு சொன்னேன். எனக்குத் தெரியும்க்கா, தெரிஞ்சேதான் சொன்னேன், நெனைக்காம சொல்லிட்டேன்.” சொல்லி முடிச்சுட்டு அவ கையத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன், அடிப்பாள்னு. அடிச்சிருக்கலாம்.

அக்கா என்னைப் பார்க்கல. பெஞ்சைப் பார்த்துக்கிட்டு இருந்தா. “அது எங்க இருந்துச்சு?” “சீட்டுக்கு அடியில.” எந்திரிச்சுப் போயி அந்த நீலக் கயிறைத் தொட்டா. “என் கொடிக்கயிறு. ரெண்டு மாசம் முன்னாடி கொடியில இருந்து மூணு முழம் வெட்டிட்டாருன்னு அவ்வளவு சண்டை போட்டேன். பழசு இத்துப் போச்சு ரெஜி, தினம் வைக்க வேண்டியிருக்குன்னாரு.” எனக்குப் புரியல. “தினமுமா?” “ஆமா. வீட்டு வாசல்ல வைப்பாரு, சர்ச்சுல வைப்பாரு, மார்க்கெட்டுல வைப்பாரு. எங்க நிறுத்தினாலும் வைப்பாரு. உன் கடை வளைவு வந்ததும் காலால சீட்டுக்கு அடியில தள்ளி விட்டுருவாரு. நானே பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன். ஏன்ங்கன்னா, ‘சும்மா இரு, உன் தம்பி பார்த்தா சிரிப்பான்’ம்பாரு.” கல்லத் தூக்கிக்கிட்டு வந்து ஸ்டூல்ல உக்காந்து மடியில வச்சுக்கிட்டா. கயிறை விரல்ல சுத்தினா, பிரிச்சா, திரும்பச் சுத்தினா. “சிரிடா இப்ப”ன்னா. கோபமாச் சொல்லல, ரொம்ப மெதுவாத்தான் சொன்னா. அடுத்த பஸ் ரெண்டே முக்காலுக்கு. அதுவரைக்கும் அப்படியே உக்காந்திருந்தா, நானும் என்ன பண்றதுன்னு தெரியாம வண்டிப் பக்கம் போயி, கட்டை நாலும் சரியா இருக்கான்னு குனிஞ்சு பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு.